குடலுக்கு ஓய்வு: வங்கத்துக் காலராவும் ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறும்

1953ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து காலரா பற்றிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று, நோய்க்குறியியல் அறிஞரான சம்புநாத் தே, டி. என். சட்டர்ஜியுடன் இணைந்து நோயியலும் பாக்டீரியவியலும் சார்ந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் எழுதியது. முயலின் குடலில் நடத்திய ஒரு சோதனையை விவரிப்பது. மற்றொன்று, மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 'லான்செட்' இதழில் எழுதியது. காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதைக் கூறுவது. (இரு கட்டுரைகளிலும் ஒரு சட்டர்ஜி வருவதால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை சில இடங்களில் காணப்படுகிறது. இருவரும் வெவ்வேறானவர்.) முதல் கட்டுரை காலரா எவ்வாறு கொல்கிறது என்பதை விளக்கும் பாதையைத் திறந்தது. இரண்டாவது கட்டுரை அந்தச் சாவை எவ்வாறு தடுக்கலாம் என்பதைக் காட்டியது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே நோய். ஆயினும் உப்பு சர்க்கரைக் கரைசல் மருத்துவ உலகின் பொது உடைமையாவதற்கு மேலும் இருபது ஆண்டுகளும் பல லட்சம் உயிர்களும் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் வியப்பில் தொடங்குவர்: இத்தனை எளிய மருந்து ஏன் முன்பே யாருக்கும் தோன்றவில்லை என்று. கேள்வியே தவறானது என்பது என் கருத்து. அது தோன்றியது, பலமுறை தோன்றியது. தோன்றியதை நம்ப முடியவில்லை என்பதே சிக்கல். நம்பிக்கைக்குக் குறுக்கே நின்றது அறியாமை அன்று. குடலைப் பற்றிய ஒரு தெளிவான, கற்றறிந்த, பாடநூல்களில் இடம்பெற்றிருந்த கருத்து. நோயுற்ற குடல் பழுதுபட்ட குடல்; அதற்கு எதுவும் கொடுக்கலாகாது; முதலில் அதைக் காலி செய்ய வேண்டும், பின்னர் அதற்கு ஓய்வளிக்க வேண்டும் என்பதே அக்கருத்து. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு இன்றும் நம் வீடுகளில் நீரும் சோறும் குறைக்கப்படுவதைக் காண்கிறோம். அப்பழக்கத்தைப் பாட்டிமார்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் மருத்துவ மாணவர்கள், அதே பழக்கம் நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் துறையின் அதிகாரப்பூர்வ மருத்துவமாக இருந்ததை அறிவது நலம்.

1817-இல் வங்கத்தின் ஜெஸ்ஸூர் பகுதியில் பெருகிய காலரா சில ஆண்டுகளில் ஆசியாவின் பெரும்பகுதிக்குப் பரவியது. வங்க மக்கள் இதற்கு வைத்திருந்த பெயர் 'ஓலாவுட்டா'. 'ஓலா' கீழிறங்குவதையும் 'உட்டா' மேலெழுவதையும் குறிக்கும். நாம் வாந்திபேதி என்று சொல்வதன் வங்க வடிவம் அது. அந்நோய்க்கு இந்துக்களிடத்தில் ஓலாய்சண்டி என்றும் முஸ்லிம்களிடத்தில் ஓலாபிபி என்றும் ஒரு தெய்வமும் இருந்தது. பெயரே நோயின் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறது: உடலிலிருந்து நீர் இரு வழியாகவும் வெளியேறுகிறது.

கம்பெனி மருத்துவர்கள் கண்டதும் அதே காட்சிதான். ஆனால் அவர்கள் கற்றிருந்த மருத்துவம் அக்காட்சிக்கு வேறு பொருள் தந்தது. உடலுள் நுழைந்த நஞ்சை உடல் வெளியேற்ற முயல்கிறது; மருத்துவன் அம்முயற்சிக்குத் துணை நிற்க வேண்டும். ஆகவே பாதரசச் சேர்மமான கேலோமல் பேதி மருந்தாகக் கொடுக்கப்பட்டது, வலிக்கு அபின், நரம்பைக் கீறி இரத்தம் வடித்தலும் உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆன்ஸ்லி, பெரும் அளவிலான கேலோமலுக்கும் இரத்தம் வடித்தலுக்கும் நூல்வழி வாதாடியவர்களுள் முக்கியமானவர். காலரா நோயாளியின் இரத்தம் கெட்டியாகிக் கருத்துவிடுவதால் கீறிய நரம்பிலிருந்து அது வெளிவருவதே கடினமாக இருந்தது என்ற குறிப்புகள் அக்கால மருத்துவ எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரத்தத்தில் நீர் இல்லை என்பதன் நேர்ச்சான்று கத்தியின் நுனியிலேயே இருந்தது. அது சான்றாகப் படிக்கப்படவில்லை. இதன் உச்சம் 1850களின் இலண்டன்: ஜார்ஜ் ஜான்சன் என்ற புகழ்பெற்ற மருத்துவர், வயிற்றுப்போக்கே உடலின் தற்காப்பு என்று கூறிக் காலரா நோயாளிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுக்கப் பரிந்துரைத்தார்.

அச்சான்றைப் படித்தவர் ஒருவர் இருந்தார். வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற இளம் அயர்லாந்துக்காரர், 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் காலரா பரவியபோது நோயாளிகளின் இரத்தத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். நீரும் உப்புகளும் காரத்தன்மையும் குறைந்திருப்பதைக் கண்டு, அவற்றைத் திருப்பி அளிப்பதே மருத்துவம் என்று எழுதினார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா, உப்புநீரை நேரடியாக நரம்பில் செலுத்திச் சிலரைச் சாவின் விளிம்பிலிருந்து மீட்டார். கொதிக்க வைக்காத நீர், சாகும் தறுவாயில் மட்டுமே முயன்று பார்த்தல், ஒருமுறை ஏற்றியதோடு நிறுத்திவிடுதல் ஆகிய குறைகளால் அம்முறை பரவவில்லை. லாட்டாவும் 1833-இல் இறந்துபோனார். ஓஷானஸி அதே ஆண்டில் கம்பெனிப் பணியில் சேர்ந்து கல்கத்தா வந்தார். காலராவின் தாயகம் என்று உலகம் கருதிய ஊருக்கே, காலராவின் வேதியியலைக் கண்டவர் வந்து சேர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். கஞ்சாவின் மருத்துவப் பயன்களை ஆராய்ந்தார். இந்தியாவின் தந்திப் பாதைகளை அமைத்தார். அவர் பெயர் இன்று நினைக்கப்படுவது இப்பணிகளுக்காகவே. காலராவில் அவர் விட்ட இடம் விட்டபடியே கிடந்தது.

கோக்கின் வருகையைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம், அது நன்கு அறியப்பட்டது என்பதால். 1883 டிசம்பரில் கல்கத்தா வந்த ராபர்ட் கோக், மறு ஆண்டின் தொடக்கத்தில் காற்புள்ளி வடிவ நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து நகரத்துக் குளமொன்றின் நீரிலும் அதனைக் கண்டார். (இத்தாலியின் பாச்சினி 1854-லேயே அதைக் கண்டிருந்தார் என்பது தனிக்கதை.) நுண்ணுயிரே நேரடியாகக் கொல்வதில்லை, அது சுரக்கும் ஏதோ ஒரு நச்சே கொல்கிறது என்ற ஊகமும் கோக்கிடம் இருந்தது. அந்த ஊகம் எழுபத்தைந்து ஆண்டுகள் மெய்ப்பிக்கப்படாமல் காத்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ், அடர்த்தி மிகுந்த உப்புக் கரைசலை நரம்புவழி ஏற்றி, மருத்துவமனையின் காலரா இறப்பு விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் இச்சாதனைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நீரைத் திருப்பி அளிப்பது என்றால் ஊசிவழி அளிப்பது என்ற சமன்பாடு மருத்துவர் மனத்தில் உறுதிப்பட்டது. ஊசிக்குக் கொதிநீர்க் கலன் வேண்டும், கண்ணாடிப் புட்டி வேண்டும், பயின்ற கை வேண்டும், மருத்துவமனை வேண்டும். காலராவோ மருத்துவமனை இல்லாத ஊர்களின் நோய். வாயைக் கடந்து நரம்பை நாடிய மருத்துவம், தன்னையறியாமல் கிராமத்தைக் கடந்து நகரத்தை நாடியது.

சம்புநாத் தேயின் கதையை இங்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 1915-இல் ஹூக்ளி மாவட்டத்தின் கரீபாட்டி சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்று, இலண்டனில் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து 1949-இல் முனைவரானார். அங்கு அவர் ஆராய்ந்தது காலராவை அன்று. நரம்பு மண்டலப் பாதிப்பால் நுரையீரலில் நீர் கோப்பதை. ஒரு திசுவிலிருந்து நீர் எவ்வாறு தவறான இடத்திற்குச் செல்கிறது என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார் என்று இதை நாம் வாசிக்கலாம்.

கல்கத்தா அவருக்கு நோயாளிகளை அளித்தது, கருவிகளை அளிக்கவில்லை. அதுவரை காலரா ஆய்வாளர்களை வாட்டிய சிக்கல், ஏற்றதொரு சோதனை விலங்கு இல்லாமை. நுண்ணுயிரை விலங்குகளுக்கு ஊட்டினால் நோய் வருவதில்லை. ஆகவே அதை நரம்பிலோ வயிற்றறையிலோ ஊசியால் செலுத்தினர், விலங்கு இறந்தது, ஆனால் அது காலராவால் இறக்கவில்லை. காலராவில் நுண்ணுயிர் இரத்தத்தில் நுழைவதே இல்லை. தே செய்தது மிக எளிது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அந்த மூடிய வளையத்தின் உட்புறத்தில் நுண்ணுயிர்க் குழம்பைச் செலுத்தினார். ஒரு நாளைக்குள் அவ்வளையம், நோயாளியிடமிருந்து வெளிவரும் அதே அரிசி களைந்த நீர் போன்ற நீரால் வீங்கிப் புடைத்தது. நூலும் ஊசியும் முயலும் போதும். இதையொத்த ஒரு முயற்சி 1915-லேயே ஐரோப்பிய ஆய்வாளர்களால் செய்யப்பட்டு மறக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்கருவியாக மாற்றியவர் தே. இன்றும் உலகின் ஆய்வகங்களில் குடல் நச்சுகளைச் சோதிக்க இம்முறை பயன்படுகிறது.

1959-இல் அடுத்த அடி. நுண்ணுயிர்கள் அனைத்தையும் வடிகட்டி நீக்கிய வெறும் வடிநீரைச் செலுத்தியபோதும் குடல் வளையம் நீரால் நிரம்பியது. அதாவது, கொல்வது உயிர் அன்று. அது விட்டுச் செல்லும் பொருள். 'நேச்சர்' இதழில் வெளியான அந்தச் சிறு கட்டுரை காலரா ஆய்வின் திருப்புமுனை. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவின் குழுவும் முயற்குட்டிகளைக் கொண்டு இதை ஒட்டிய முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு பாங்காக்கில், உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளைக் கெங்கரோசா குழுவினர் ஆராய்ந்தபோது குடலின் உட்புறப் படலம் சிதையாமல் முழுமையாக இருப்பது தெரியவந்தது. விர்ச்சோ காலத்திலிருந்து வழங்கிவந்த, காலராவில் குடற்படலம் உரிந்து போகிறது என்ற கொள்கை அத்துடன் முடிவுக்கு வந்தது. பழைய மருத்துவர்கள் கண்ட உரிந்த படலம், இறந்த பின் உடல் சிதைவதால் நேர்வது.

இதன் பொருளை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் ஒருவரின் குடலில் ஒரு நாளில் உணவு, உமிழ்நீர், செரிமானச் சுரப்புகள் எல்லாம் சேர்ந்து எட்டு அல்லது ஒன்பது லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் வெளியேறுவது நூறு அல்லது இருநூறு மில்லி லிட்டரே. காலரா நச்சு இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கலைக்கிறது: சுரப்பு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது, கடும் நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை. உறிஞ்சும் ஆற்றலோ பெரிதும் அப்படியே உள்ளது. குடல் பழுதுபடவில்லை, ஒரு மடை திறந்துவிடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பழுதில்லாத உறுப்புக்கு எதற்கு ஓய்வு?

தேயின் பின்வாழ்வைப் பற்றி ஒரு சொல். நச்சைத் தூய்மைப்படுத்த அவருக்கு வசதி கிட்டவில்லை. அதை 1969-இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைன் செய்தார். 1973-இல் தே ஓய்வு பெற்றார். 1978-இல் ஸ்வீடனில் காலரா குறித்து நடந்த நோபெல் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் இறந்துபோய்விட்டதாகவும், அக்கருத்தரங்கின் அமைப்பாளர்களே தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அங்கு அவர் கூறினார். நோபெல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் அவரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தவர். இந்தியாவின் அறிவியல் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-இல் அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்துப் பெங்களூரின் 'கரன்ட் சயின்ஸ்' அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. தாமதமான மரியாதை என்று இதைச் சொல்லி நகர்ந்துவிடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நூலும் ஊசியும் கொண்டு செய்த ஆய்வை ஆய்வாக மதிக்கத் தயங்கியது எந்த மனநிலையோ, அதே மனநிலைதான் குவளையில் கொடுத்த நீரை மருந்தாக மதிக்கத் தயங்கியது.

இனி ஹேமேந்திரநாத் சட்டர்ஜிக்கு வருவோம். அவர் தம் நோயாளிகளுக்குக் கற்பூரவள்ளி இலைச் சாற்றையும், வாந்தியடக்கும் மாத்திரையையும் பயன்படுத்தினார். பிறகு ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கலந்து குடிக்கக் கொடுத்தார். 186 நோயாளிகள், மிகக் கடும் நிலையில் இல்லாதவர்கள், அனைவரும் பிழைத்தனர். இன்றைய அளவைகளோடு ஒப்பிட்டால் அவருடைய கலவை வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி நிற்கிறது.

ஏன் அது ஏற்கப்படவில்லை? ஒப்பீட்டுக் குழு இல்லை. உட்கொண்ட நீருக்கும் வெளியேறிய நீருக்கும் கணக்கு இல்லை. இவை நியாயமான குறைகள் என்பதை மறுக்க இயலாது. நாட்டுப்பற்றின் பெயரால் அவற்றை மறைப்பது வரலாறாகாது. ஆனால் குறையுள்ள சான்று கிடைத்தால் அதைச் சரிபார்க்கும் சோதனையை நடத்துவதே அறிவியல் நெறி. அப்படி ஒரு சோதனையை நடத்த யாரும் முனையவில்லை. மேலும், சட்டர்ஜியிடமும் ஒரு விளக்கம் இல்லை. குளுக்கோஸை அவர் சேர்த்தது ஊட்டத்திற்காக என்று கருதலாம். உப்பு உட்புக அது சாவியாக அமைகிறது என்பதை அறிய 1960 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பிராக் நகரில் ராபர்ட் கிரேன், குடலின் உயிரணுக்களில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். உப்பைத் தனியே கொடுத்தால் காலராக் குடல் ஏற்பதில்லை. சர்க்கரையைத் தனியே கொடுத்தால் அது நீரை மேலும் இழுக்கும். சரியான விகிதத்தில் இரண்டையும் சேர்த்தால் கதவு திறக்கிறது, நீர் பின்தொடர்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. உப்பும் வெல்லமும் கலந்த நீரைப் பழைய ஆயுர்வேத நூல்களே சொல்லிவிட்டன என்ற பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன. கஞ்சித் தெளிவு, பொரி ஊறிய நீர், உப்பிட்ட மோர் ஆகியவை இந்தியச் சமையலறைகளில் நெடுங்காலமாக வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்பட்டு வந்தவை. அவற்றுள் சில உண்மையிலேயே பயன் தருபவை. அரிசி மாவின் மாச்சத்து மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் அரிசிக் கரைசலும் நல்ல பலன் தரும் என்று டாக்காவில் பின்னாளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அதே சமையலறையில்தான் பட்டினி போடும் வழக்கமும் இருந்தது. மரபு ஒரே குரலில் பேசுவதில்லை. எந்தக் குரல் மெய் என்பதைத் தீர்மானிக்க அளவை தேவைப்பட்டது. அதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை.

அளவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ராபர்ட் பிலிப்ஸ், நரம்புவழி நீரேற்றத்தைத் துல்லியமாக்கியவர். 1962-இல் மணிலாவில் வாய்வழிக் கரைசலையும் சோதித்தார். கலவையின் அடர்த்தியும் நீர்க் கணக்கும் சரியாக அமையாமல் நோயாளிகள் சிலர் இறந்தனர். அந்த அதிர்ச்சி அவரைப் பல ஆண்டுகள் வாய்வழி முறையிலிருந்து விலக்கி வைத்தது. பின்னர் அவரே டாக்கா ஆய்வகத்தின் இயக்குநரானார். 1968-இல் அங்கு டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும், வெளியேறும் நீரை அளந்து அதே அளவுக்குக் கரைசலைக் குடிக்கச் செய்து, நரம்புவழி நீரின் தேவையை 80 விழுக்காடு குறைக்கலாம் என்று நிறுவினர். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மையத்தின் ஆய்வாளர்களும் அதே காலத்தில் இதே பாதையில் இருந்தனர். மருத்துவமனைக்குள் ஐயம் தீர்ந்தது. வெளியே?

வெளியே நடந்த சோதனையை யாரும் திட்டமிடவில்லை. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த ஒடுக்குமுறையிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் மூன்றரை லட்சம் அகதிகள். மழைக்காலம். காலரா பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் காலராவுக்கென இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். கல்கத்தா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்திலிருந்து ஜூன் மாதத்தில் அங்கு அனுப்பப்பட்ட குழுவின் தலைவர் திலீப் மஹலனாபிஸ், குழந்தை மருத்துவர், அப்போது வயது 36. தரை முழுதும் நோயாளிகள் கிடந்ததையும், கழிவின் நடுவே மண்டியிட்டுத்தான் அவர்களுக்கு ஊசி ஏற்ற முடிந்ததையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். நரம்புவழி நீர் தீரும் நிலை. அதை ஏற்றத் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

அவர் எடுத்த முடிவு, குவளைக்கு மாறுவது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் மையத்தின் நூலக அறையில் இவை எடை பார்க்கப்பட்டு, பாலிதீன் பைகளில் இடப்பட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் பையின் வாய் ஒட்டப்பட்டது. முகாமில் குழாய் பொருத்திய பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். நோயாளியின் தாயோ தந்தையோ தமக்கையோ குவளையில் பிடித்துச் சென்று, அவர் குடிக்கக் கூடிய மட்டும் குடிக்கக் கொடுத்தனர். லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. குழுவின் கண்காணிப்பில் மருத்துவம் பெற்ற 3,000-க்கும் மேற்பட்டோரிடையே இறப்பு 3.6 விழுக்காடு. நரம்புவழி நீர் போதாத இடங்களில் அது 30 விழுக்காடு வரை இருந்தது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பெயர். ஊழியர்களும் நோயாளிகளின் உறவினரும் முதலில் தயங்கினர். குடிக்கும் நீரா மருந்து? பாட்டிலும் குழாயும் ஊசியும் உள்ள 'சலைன்' அல்லவா மருந்து? ஆகவே மஹலனாபிஸ் குழுவினர் இக்கரைசலுக்கு 'வாய்வழிச் சலைன்' என்று பெயரிட்டனர். குவளை, ஊசியின் பெயரைக் கடன் வாங்கித்தான் நோயாளியின் வாயை அடைந்தது. வங்கதேசத்தில் இன்றும் இதன் பெயர் 'காபார் சலைன்', அதாவது உட்கொள்ளும் சலைன். ராஜர்ஸ் காலத்தில் உருவான சமன்பாடு, அதை முறியடித்த மருந்தின் பெயரிலேயே வாழ்கிறது.

மஹலனாபிஸ் செய்தது கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அன்று. அதனால் ஐயம் எழுப்பியோர் அப்போதும் இருந்தனர். முகாமை நேரில் கண்ட உலக சுகாதார நிறுவனத்தின் தீமான் பருவா, தம் நிறுவனத்துக்குள் இதற்காக விடாமல் வாதாடினார். எழுபதுகளின் நடுவில் பொட்டாசியமும் சேர்த்த பொதுக் கலவை வரையறுக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. 1980களில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு, மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் நீரும் என்ற கைக்கணக்கை, 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு நேரில் சென்று தாய்மார்களுக்குக் கற்பித்தது. கற்பித்தோரும் பெண்களே. பாக்கெட் கிடைக்காத ஊரில் பாக்கெட் தேவையில்லாத முறை. 2002-இல் கலவை திருத்தப்பட்டது: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். 2004 முதல் குழந்தைகளுக்குத் துத்தநாகமும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகிறது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது என்பது இன்று பாடநூல் விதி. ஓய்வுக் கொள்கை ஏட்டளவில் இறந்துவிட்டது.

ஏட்டளவில் மட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் ஓ.ஆர்.எஸ். பெற்றோர் 60.6 விழுக்காடு. கரைசல் சோதனைக்கு உள்ளாகி வென்ற நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அது கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், பன்மடங்கு சர்க்கரை கலந்த பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அப்பெயரைப் பயன்படுத்துவதற்கு 2025 அக்டோபரில்தான் தடை விதித்தது. குவளை ஒரு காலத்தில் ஊசியின் பெயரைக் கடன் வாங்கியது. இப்போது குளிர்பானம் குவளையின் பெயரைக் கடன் வாங்கியது. சர்க்கரை மிகுந்தால் கரைசல் நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை மிகுவிக்கும் என்பது மேலே கண்ட கணக்கின் எளிய விளைவு.

மருத்துவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 நகரங்களில் 2,282 தனியார் மருத்துவம் பார்ப்போரைச் சோதித்தது. நடிக்கப் பயிற்றப்பட்ட ஒருவர், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அவர்களிடம் செல்வார். கரைசலின் பயனை அறிந்திருந்தும் எழுதிக் கொடுக்காதோரிடம் முதன்மையாக வெளிப்பட்ட காரணம், வருமான நாட்டமோ சரக்குத் தட்டுப்பாடோ அன்று. வருபவர்கள் இதை மருந்தாக மதிக்க மாட்டார்கள், வேறு 'உண்மையான' மருந்தையே எதிர்பார்க்கிறார்கள் என்ற மருத்துவர்களின் எண்ணம். நடிகர்களுள் சிலர் மட்டும், முன்பு குழந்தைக்குக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டி இதையே கொடுக்கலாமா என்று கேட்டனர். அவர்களுக்கு அதை எழுதிக் கொடுத்தோரின் அளவு 27 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது.